ஹோலோகாஸ்ட்: யாருக்கு இட்ட பலி?

"பேருந்து கவிழ்ந்து 6 பேர் பலி" என்று செய்தித்தாளில் படிக்கும்போது "யாருக்குப் பலி?" என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் பலி என்றால் அடிப்படையில் படையல். சிவன் கோயிலில் கொடிமரத்துக்குப் பக்கத்தில் பலிபீடம் இருக்கும். அதில் வைப்பது சோறு. தேவாரத்தில் சிவபெருமான் மண்டையோட்டை ஏந்திக்கொண்டு பலி தேர்ந்து திரிகிறார். அங்கே பலி என்றால் பிச்சை. ஊர்க் கொடையில் கிடா வெட்டினால் அதுவும் பலிதான். கோயிலைச் சுற்றிப் புழங்கிக்கொண்டிருந்த அந்தச் சொல், தினசரிப் பத்திரிகை வந்த பிறகு விபத்துச் சாவுகளை எண்ணும் சொல்லாகிவிட்டது. இரண்டே எழுத்து, தலைப்பில் இடமும் மிச்சம்.

ஹோலோகாஸ்ட் என்ற சொல்லும் கிட்டத்தட்ட இதே வழியாகத்தான் வந்தது. இன்று அதைக் கேட்டதும் நாஜி ஜெர்மனியும் ஹிட்லரும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமும் நினைவுக்கு வருகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகளும் அவர்களுக்குத் துணைபோனவர்களும் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். 1933இல் ஐரோப்பாவில் இருந்த யூதர்கள் ஏறத்தாழ 95 லட்சம் பேர் என்றால் அளவு புரியும். அந்தப் பேரழிவுக்கு உலகம் வைத்த பெயர் ஹோலோகாஸ்ட். ஆனால் பிறந்தபோது அந்தச் சொல்லுக்கும் கொலைக்களத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அது கிரேக்கச் சொல். 'ஹோலோஸ்' என்றால் முழுவதும், 'கௌஸ்டோஸ்' என்றால் எரிக்கப்பட்டது. பழைய கிரேக்கர்கள் மாட்டையோ ஆட்டையோ பலியிட்டால் எலும்பையும் கொழுப்பையும் தெய்வத்துக்கு எரித்துவிட்டு, கறியைப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். நம் ஊர்க் கொடையிலும் அப்படித்தானே? சில சடங்குகளில் மட்டும் யாருக்கும் பங்கில்லை. மொத்தத்தையும் தீயில் போட்டுவிட வேண்டும். அந்த வகைப் பலியைச் சொல்ல எழுந்த சொல் இது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடங்கி எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் யூதர்களின் எபிரேய வேதம் கிரேக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டது. எபிரேயத்தில் 'ஓலா' என்று ஒரு பலி உண்டு. 'மேலே ஏறுவது' என்று பொருள். புகையாக வானத்துக்கு ஏறுகிறதே, அதனால். பெயர்த்தவர்கள் ஏறும் புகையை விட்டுவிட்டு எரியும் உடலைப் பிடித்துக்கொண்டார்கள். கைவசம் இருந்த 'முழு எரிப்பு' என்ற கிரேக்கச் சொல்லின் வடிவங்களை அந்த இடங்களில் போட்டார்கள். அது லத்தீனில் 'ஹோலோகாஸ்டும்' ஆகி, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குள் போனது.

இதற்குச் சொல்லுக்குச் சொல் சரியான தமிழ் ரொம்ப நாளாகவே இருக்கிறது. சீர்திருத்தத் திருச்சபைக்காரர்கள் வீட்டில் இருக்கும் பழைய வேதாகமத்தை எடுத்து லேவியராகமம் முதல் அதிகாரத்தைத் திறந்தால் 'சர்வாங்க தகனபலி' என்று இருக்கும். சர்வ அங்கமும் தகனமாகும் பலி. கத்தோலிக்கர்களின் திருவிவிலியம் அதை 'எரிபலி' என்று சுருக்கமாகச் சொல்கிறது. எனக்கென்னவோ பழைய சொல்தான் பிடிக்கிறது. வாயில் நுழையக் கொஞ்சம் கஷ்டம். ஆனால் ஹோலோகாஸ்ட் என்ற கிரேக்கச் சொல்லின் ஒவ்வொரு துண்டும் அதற்குள் இருக்கிறது.

அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். பழுது இல்லாத ஆணாகப் பார்த்து ஒரு காளையைக் கொண்டுவருகிறார் ஒருவர். அதன் தலையில் கையை வைக்கிறார். கொல்கிறார். ஆசாரியர்கள் இரத்தத்தை எடுத்துப் பலிபீடத்தைச் சுற்றித் தெளிக்கிறார்கள். தோலை உரித்து, துண்டு துண்டாக வெட்டி, குடலையும் தொடையையும் தண்ணீரில் கழுவி, கட்டைகளை அடுக்கி, எல்லாவற்றையும் நெருப்பில் வைக்கிறார்கள். உரித்த தோல் மட்டும் ஆசாரியருக்கு. காளைக்கு வசதி இல்லாதவர் ஆடு கொண்டுவரலாம். அதுவும் முடியாதவருக்கு ஒரு புறாக்குஞ்சு போதும். வரும் புகை கர்த்தருக்குச் 'சுகந்த வாசனை' என்கிறது வேதம். கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார், கடவுள் ஏற்றுக்கொள்கிறார். இவ்வளவுதான் ஹோலோகாஸ்ட்.

சரி, பக்தியோடு கொடுத்த காணிக்கையின் பெயர் படுகொலைக்கு எப்படி வந்தது?

ஆரம்பகாலச் சான்று ஒன்று திகைக்க வைக்கும். 1189 செப்டம்பர் 3, இங்கிலாந்தில் முதலாம் ரிச்சர்டுக்கு முடிசூட்டு விழா. அன்றைக்கு லண்டனில் யூதர்கள் மேல் கூட்டம் பாய்ந்தது, வீடுகள் எரிந்தன, பலர் செத்தார்கள். வின்செஸ்டர் மடத்தில் இருந்த டிவைசஸ் ஊர் ரிச்சர்டு என்ற துறவி இதைத் தன் வரலாற்றுக் குறிப்பில் எழுதும்போது, யூதர்களைப் 'பலியிட்டார்கள்' என்றும், அந்த 'ஹோலோகாஸ்டும்' மறுநாள்கூட முடிந்தபாடில்லை என்றும் எழுதினார். நக்கலாகத்தான். 750 வருஷம் கழித்து அதே சொல் அதே மக்களின் பேரழிவுக்குப் பெயராகப் போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது.

அதன்பின் பல நூற்றாண்டுகள் இந்தச் சொல் பெரும்பாலும் பைபிள் சார்ந்த பேச்சிலேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பத்திரிகைகள் கையில் எடுத்தன. பெரிய தீ விபத்தா, ஹோலோகாஸ்ட். நம் 'பலி' போலவே. 1895இல் ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டபோது நியூயார்க் டைம்ஸ் 'மற்றுமொரு ஆர்மீனிய ஹோலோகாஸ்ட்' என்று தலைப்புப் போட்டது. 1915இல் தொடங்கிய ஆர்மீனிய இனவழிப்பைப் பற்றி 1929இல் எழுதிய சர்ச்சிலும், நிர்வாகமே நடத்தி முடித்த ஹோலோகாஸ்ட் என்ற பொருளில் இதே சொல்லைப் போட்டார். ஆக, ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே படுகொலை என்ற பொருள் இதற்குள் வந்துவிட்டது. ஆனால் எந்த ஒரு நிகழ்ச்சிக்கும் உரிய தனிப்பெயராக அது இன்னும் ஆகவில்லை.

கொன்றவர்கள் தங்கள் வேலைக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே ஏரிக்கரை மாளிகை ஒன்றில் 15 அதிகாரிகள் கூடினார்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பில் 'கொலை' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. 'யூதப் பிரச்சினைக்கு இறுதித் தீர்வு', 'கிழக்கே வெளியேற்றுதல்' என்றுதான் இருக்கும். வேறு கோப்புகளில் 'சிறப்பு நடவடிக்கை' என்று வரும். தாலுகா ஆபீஸ் கோப்பு மாதிரி மொழி. இன்றும் சிலர் 'இறுதித் தீர்வு' என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதுகிறார்கள். அது கொன்றவன் வைத்த பெயர். அதைக் குறியில்லாமல் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர்கள் மொழியில் பெயர் இருந்தது. இத்திஷ் பேசிய கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் 'ஹுர்பன்' என்றார்கள். ஜெருசலேம் ஆலயம் கி.மு. 586இல் பாபிலோனியராலும் கி.பி. 70இல் ரோமராலும் இடிக்கப்பட்டதே, அந்த இரண்டு இடிபாடுகளுக்கும் அதுதான் பெயர். அதாவது, இது மூன்றாவது இடிபாடு. எபிரேயம் பேசியவர்கள் 'ஷோவா' என்றார்கள். 1940இலேயே, விஷவாயு முகாம்கள் வருவதற்கு முன்பே, ஜெருசலேமில் அச்சான ஒரு சிறுநூல் போலந்து யூதர்களின் நிலையை ஷோவா என்று குறித்தது. இதுவும் வேதத்தில் இருக்கும் சொல்தான், ஆனால் பலியோடு ஒட்டுறவு இல்லாதது. செப்பனியா தீர்க்கதரிசி வரப்போகும் நாளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'ஷோவா உமெஷோவா' என்று வருகிறது. நம் பழைய வேதாகமம் அதை 'அழிவும் பாழ்க்கடிப்புமான நாள்' என்று பெயர்த்திருக்கிறது. பாழ்க்கடிப்பு! ஊரையே பாழாக அடித்துவிடுவது. வழக்கொழிந்த சொல்தான். ஆனாலும் ஷோவாவுக்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தென்பட்டதில்லை.

1951இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் ஷோவாவுக்கு ஒரு நினைவு நாளைக் குறித்தது. 1953இல் யாத் வஷேம் என்ற நினைவு நிறுவனம் அமைந்தது. இவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது ஷோவா இருந்த இடத்தில் ஹோலோகாஸ்ட் என்று போடுவது மெல்ல மெல்ல வழக்கமானது. 1961இல், யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனித்த நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் மீதான வழக்கு ஜெருசலேமில் நடந்தபோது உலகப் பத்திரிகைகள் அங்கே குவிந்தன. சொல் இன்னும் பரவியது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நீதிமன்றமும் வரலாற்றாசிரியர்களும் முடிக்காத வேலையை ஒரு டிவி தொடர் முடித்தது. 1978 ஏப்ரலில் அமெரிக்காவின் என்பிசி 'ஹோலோகாஸ்ட்' என்ற பெயரிலேயே ஒரு தொடரை ஒளிபரப்பியது. 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் அது ஓடியபோது ஏறத்தாழ 2 கோடிப் பேர் பார்த்தார்கள். அதுவரை ஜெர்மன் மொழியில் அதிகம் புழங்காத அந்தச் சொல், ஜெர்மன் மொழிச் சங்கத்தின் 'ஆண்டின் சொல்' ஆனது. கொலைக்குற்றத்துக்கு இருந்த காலவரம்பை அந்நாட்டு நாடாளுமன்றம் அதே வருஷம் ஜூலையில் நீக்கியது. இல்லாவிட்டால் பழைய நாஜிகள் பலர் வருஷக் கணக்கைக் காட்டித் தப்பியிருப்பார்கள்.

சொல் நிலைத்துவிட்டது. ஆனால் லேவியராகமத்துப் பலிபீடத்தை மேலே பார்த்தோமே, அதை இதோடு பொருத்திப் பாருங்கள். இது பலி என்றால் பூசாரி யார்? பலியை ஏற்றுக்கொண்ட தெய்வம் எது? யார் மனமுவந்து கொடுத்தார்கள்? இந்தக் கேள்விகளால்தான் பல யூதர்கள் இந்தச் சொல்லை ஏற்பதில்லை. ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு மீண்ட இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லெவிக்கு இது பிடிக்கவில்லை. இந்தச் சொல் பரவக் காரணமானவர்களில் ஒருவராகச் சொல்லப்படும், அவரைப் போலவே ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிய எழுத்தாளர் எலி வீசலே பின்னாளில் இதனால் சங்கடப்பட்டார். பிரான்சில் ஷோவா என்பதே பெருவழக்கு. 1985இல் வந்த, ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் கிளாட் லான்ஸ்மானின் ஆவணப்படத்தின் பெயரும் அதுதான்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. 'எரிப்பு' என்று பெயரில் இருப்பதால் நம் மனதில் வருவது சூளைகளும் புகைபோக்கிகளும் மட்டும். ஆனால் சுமார் 20 லட்சம் யூதர்கள் துப்பாக்கியால், பெரும்பாலும் அவரவர் ஊர் எல்லையிலேயே, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1941 செப்டம்பர் கடைசியில் உக்ரைனின் கீவ் நகரில் மூன்று மொழிகளில் சுவரொட்டி ஒட்டினார்கள்: யூதர்கள் எல்லாரும் காலை 8 மணிக்கு இன்ன தெருமுனைக்கு வரவேண்டும், அடையாளச் சீட்டு, பணம், கம்பளி உடுப்பு எல்லாம் எடுத்துவர வேண்டும். வேறு ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்துக் குழந்தை குட்டிகளோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். பாபி யார் என்ற பள்ளத்தாக்கில் 29, 30 ஆகிய இரண்டு நாளில் சுடப்பட்டவர்கள் 33,771 பேர். கொன்ற படையே எழுதி அனுப்பிய கணக்கு இது. யூதர்களை அடைத்துவைத்த 'கெட்டோ' எனும் ஒதுக்குச்சேரிகளில் பசியாலும் டைபஸ் காய்ச்சலாலும் செத்தவர்கள் கணக்கு தனி.

யூதர்கள் மட்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள் குறைந்தது 2.5 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 5 லட்சம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பேசும் ரோமானி நம் வட இந்திய மொழிகளின் குடும்பம். அதில் இதற்கு 'பொராய்மோஸ்' என்று ஒரு பெயர்: விழுங்கிவிடுதல். ஆனால் சில வட்டாரங்களில் அதற்குக் கொச்சைப் பொருள் இருப்பதால் 'சமுதாரிபென்', அதாவது எல்லாரையும் கொல்லுதல், என்பதே மேல் என்கிறார்கள் சிலர். நாஜிகளின் சிறையில் சோவியத் போர்க்கைதிகள் 30 லட்சத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். போலந்துக்காரர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று பட்டியல் நீள்கிறது. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஹோலோகாஸ்ட் என்ற பெயரை யூத இனவழிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தனித்தனியாகச் சொல்கிறார்கள். சிலர் எல்லாவற்றையும் அதற்குள் அடக்குகிறார்கள். ஒரு கட்டுரையில் 60 லட்சம் என்றும் இன்னொன்றில் 1 கோடிக்கு மேல் என்றும் படித்துக் குழம்பினால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

இங்கே ஜெனோசைடு என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹோலோகாஸ்ட் ஒரு நிகழ்ச்சியின் பெயர். ஜெனோசைடு ஒரு குற்ற வகையின் பெயர். முன்னது தானாக ஊறி வந்தது. பின்னதை ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கினார். ராஃபேல் லெம்கின், போலந்து நாட்டு யூத வழக்கறிஞர், 1900இல் பிறந்தவர். அவர் மாணவராக இருந்த 1921இல் ஓர் ஆர்மீனிய இளைஞன், தன் மக்களை அழித்ததில் முக்கியப் பங்கு வகித்த ஒட்டோமான் அமைச்சர் தலாத் பாஷாவை பெர்லின் தெருவில் சுட்டுக் கொன்றான். ஒருவரைக் கொன்றவனுக்கு வழக்கு, லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற அரசை விசாரிக்கச் சட்டமே இல்லை என்பது லெம்கினை உறுத்தியது. 1941 ஆகஸ்டில் சர்ச்சில் வானொலியில் பேசும்போது, பெயரே இல்லாத ஒரு குற்றத்தின் முன் நிற்கிறோம் என்றார். அதே வருஷம் அகதியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்த லெம்கின் அதற்குப் பெயர் தேடினார். குலம் என்ற பொருள்படும் 'ஜெனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு, கொல்லுதலைக் குறிக்கும் லத்தீன் 'சைடு' என்பதை ஒட்டினார். 1944 நவம்பரில் வெளிவந்த அவர் புத்தகத்தின் 9ஆம் அதிகாரத்தில் அந்தச் சொல் முதன்முறையாக அச்சேறியது. போர் முடிந்து விசாரித்தபோது தன் உறவினர்களில் 49 பேர் போய்விட்டார்கள் என்று தெரிந்துகொண்டார்.

1946இல் ஐ.நா. பொதுச்சபை ஜெனோசைடை ஒரு குற்றமாக அறிவித்தது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த மூன்று நாடுகள் கியூபா, பனாமா, இந்தியா. 1948 டிசம்பர் 9 அன்று பாரிஸில் ஒப்பந்தம் நிறைவேறியது. ஒரு தேசிய, இன, மத அல்லது மரபினக் குழுவை, அந்தக் குழு என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் ஐந்து செயல்களை அது பட்டியலிடுகிறது. கொல்வது அவற்றில் ஒன்றுதான். கொடிய உடல், மன பாதிப்பை உண்டாக்குவது, வாழவே முடியாத நிலைமைகளைத் திணிப்பது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுப்பது ஆகியவையும் ஜெனோசைடுதான். வழக்குகளில் மல்லுக்கட்டு நடப்பது எண்ணிக்கையில் இல்லை, 'நோக்கம்' என்ற ஒற்றைச் சொல்லில்.

இதனால்தான் தமிழில் 'இனப்படுகொலை' என்று எழுதும்போது எனக்குச் சின்ன நெருடல். படுகொலை என்றதும் பிணங்கள் மட்டுமே கண்ணில் படும். பிள்ளைகளைப் பிடுங்குவது அதற்குள் வராது. ஈழத் தமிழர்கள் அதிகம் புழங்கும் 'இனவழிப்பு' லெம்கின் நினைத்ததற்கு நெருக்கம். ஒரு மக்களின் மொழி, பண்பாடு, நூலகம் இவற்றை அழிப்பதும் குற்றமாக வேண்டும் என்று அவர் போராடினார். பாரிஸில் அதை வெட்டிவிட்டார்கள். 1981இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்ததை நினைப்பவர்களுக்கு அந்த வெட்டு எதை வெளியே தள்ளியது என்பது சட்டென்று புரியும். இலங்கை வட மாகாண சபை 2015 பிப்ரவரியில், தமிழர்களுக்கு எதிராக நடந்தது ஜெனோசைடு என்று தீர்மானம் போட்டபோதும் 1948 ஒப்பந்தத்தின் அந்தப் பட்டியலைத்தான் ஆதாரமாக வைத்தது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு தொந்தரவு உண்டு. ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டால் நாஜிகள் செய்தது. சிறிதாகப் போட்டால் ஏதோ ஒரு பேரழிவு, அணுகுண்டுப் போர் மாதிரி. நம்மிடம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. அதற்காகச் 'சங்காரம்' என்றோ 'சம்ஹாரம்' என்றோ எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அது இன்னும் மோசம். திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் என்றால் கொல்பவர் முருகன், சாகிறவன் அசுரன். அந்தச் சொல்லை இங்கே கொண்டுவந்தால் யார் முருகன், யார் அசுரன் ஆகிறார்கள்?

நான் செய்வது இது: முதல் இடத்தில் 'நாஜிகள் நடத்திய யூத இனவழிப்பு' என்று விரித்து எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் ஹோலோகாஸ்ட். பேசுபவர் தப்பிப் பிழைத்தவராக இருந்து ஷோவா என்றோ ஹுர்பன் என்றோ சொன்னால், அவர் சொன்னதை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒருமுறை 'பாழ்க்கடிப்பு' என்று போடுவேன். பிழை திருத்துபவர் ஒவ்வொரு முறையும் அதைச் சுழித்து, எழுத்துப்பிழையா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்.